நம்ம மாருதி ஜென்னுக்குப் புது ஹீட்டர் கோர்

அன்புள்ள மலருக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, ஆனால் மொட்டை மாடிக்கு ஏறாதீர்கள் என்றால் மட்டும் காதில் விழுவதில்லை.

நேற்று போனில் வண்டிச் செலவைச் சொன்னதும், "ஹீட்டருக்குப் போய் இவ்வளவாம்மா? ஹோஸைப் பைபாஸ் பண்ணச் சொல்லியிருக்கலாமே" என்றாய். நான் பதில் சொல்வதற்குள் உன் பக்கம் டவர் போய்விட்டது. இத்தனையையும் வாட்ஸப்பில் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. வண்டியை ஓட்டப்போகிறவள் நீ, விவரம் உன் கையில் இருக்கட்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

நீ சொன்ன பைபாஸில்தான் விஷயமே தொடங்குகிறது. நாம் வாங்குவதற்கு முன்பே யாரோ அதைச் செய்து வைத்திருந்தார்கள். இன்ஜினிலிருந்து ஹீட்டருக்குப் போகும் ஹோஸ், திரும்பி வரும் ஹோஸ், இரண்டையும் பானெட்டுக்கு அடியிலேயே ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கிளாம்ப் போட்டுவிட்டார்கள். சென்னை வண்டிக்கு அதில் ஒரு தப்பும் இல்லை. மார்கழியில்கூட இங்கே ஹீட்டர் போடுகிறவர் யார்? நாமும் அப்படியே ஓட்டினோம். உனக்கு ஊட்டியில் வேலை கிடைத்து, வண்டியை எடுத்துப் போகிறேன் என்று நீ சொன்ன பிறகுதான் அந்த ஹோஸ்களைப் பழையபடி மாட்டச் சொன்னேன். மாட்டிய சில நாளிலேயே கதவைத் திறந்தால் இனிப்பாக ஒரு வாசனை. அப்பா ஏதோ மிட்டாய் உருகிக் கிடக்கிறது என்று சீட்டுக்கடியில் தேடிக்கொண்டிருந்தார்.

அப்புறம் பார்த்தால் இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரம். சென்னை வண்டியில் கார்ப்பெட் நனைந்தால் சந்தேகப்பட மூன்று பேர் உண்டு. முதலில் மழை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் நின்றதே, அதற்கப்புறம் இந்தத் தெருவில் எல்லோருக்கும் முதல் சந்தேகம் அதன் மேல்தான். இரண்டாவது ஏ.சி.யின் வடிகால் குழாய். அது அடைத்துக்கொண்டால் வெளியே சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே வழியும். மூன்றாவது ஹீட்டர் கோர். பிரித்தறிவது சுலபம். வெள்ளைத் துணியால் ஒற்றி எடு. ஏ.சி. தண்ணீருக்கு நிறமும் இருக்காது, மணமும் இருக்காது. இன்ஜினைக் குளிர்விக்க ஊற்றும் கூலன்ட் என்றால் துணியில் நிறம் ஒட்டும், விரலில் பிசுபிசுக்கும், வெயிலில் வைத்தாலும் லேசில் காயாது. முன்கண்ணாடியில் உள்பக்கம் எண்ணெய்ப் பூச்சு போல ஒரு படலமும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். நம்ம வண்டியில் எல்லாமே இருந்தன. தரையில் ஒரு சொட்டு இல்லை, ஆனால் கூலன்ட் ரிசர்வ் டேங்கில் மட்டம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது.

ஹீட்டர் கோர் என்பது டேஷ்போர்டுக்குள் ஒளிந்திருக்கும் சின்ன ரேடியேட்டர், அவ்வளவுதான். இன்ஜினில் சூடான கூலன்ட் அதற்குள் ஓடுகிறது, புளோயர் அதன் வழியாகக் காற்றை ஊதுகிறது. சூட்டுக்கென்று தனியாக மின்சாரமோ பெட்ரோலோ கேட்பதில்லை. இதற்கு எமன் கெட்ட தண்ணீர். நம்ம ஊர் போர் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? கூலன்டுக்குப் பதிலாக அந்தத் தண்ணீரை ஊற்றி ஓட்டினால் உள்ளே உப்பு படியும், துரு வரும், அலுமினியத்தை அரிக்கும். கூலன்டே ஊற்றினாலும் அரிப்பைத் தடுக்கும் சரக்கு அதில் சில வருடத்தில் தீர்ந்துவிடும். நம்ம கோருக்குள் பைபாஸ் பண்ணின காலத்துத் தண்ணீர் கொஞ்சம் தேங்கி, வெளியேற வழியில்லாமல் வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தது. கழற்றி எடுத்தபோது குழாய் சேரும் மூட்டைச் சுற்றி வெள்ளையும் பச்சையுமாகப் பொருக்கு. நகத்தால் கீறினேன், பொலபொலவென்று உதிர்ந்தது.

அயனாவரத்து மெக்கானிக் பாயிடம்தான் வண்டியை விட்டேன். கடைப் பையன் ஒருவன் லீக்கை அடைக்கும் மருந்து பாட்டில் ஒன்றைக் காட்டினான், ரேடியேட்டரில் ஊற்றினால் போதும் என்றான். பாய் அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தச் சரக்கு ஓட்டையை மட்டும் தேடிப் போய் அடைக்காது, கோரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைக்கும். அப்புறம் ஹீட்டர் இருந்தும் சூடு வராது. புதுப்பேட்டையில் பழைய வண்டியில் கழற்றின கோர் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் நம்ம கோரின் வயதேதான் அதற்கும் இருக்கும். ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்கினேன். நீ கேட்ட அந்தச் செலவில் கோரின் பங்கு குறைவு, மிச்சமெல்லாம் கூலி. அதை எட்டிப் பிடிக்க டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். ஒரு முறை கழற்றுகிறோம் என்றால் நல்ல சாமானைப் போட்டு மூடுவதுதான் கணக்கு.

வேலை நடந்தபோது நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றினார். வண்டி நன்றாக ஆறிய பிறகு கூலன்டை இறக்கினார். செங்கல் நிறத்தில் வந்தது. அதைச் சாக்கடையில் விடப் போனார்கள், நான் விடவில்லை. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். தெரு நாய் நக்கினாலே போதும், சிறுநீரகம் போய்விடும். கேனில் பிடித்து மூடி வைக்கச் சொன்னேன்.

ஹோஸைக் கழற்றும்போது பாய் முறுக்கி இழுக்கவே இல்லை. பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுத்தார். "முறுக்கினா உள்ள இருக்கிற பைப்பு வளைஞ்சிடும்மா, ஹோஸு போனா போவட்டும்" என்றார். சரிதான், புதுக் கோர் மாட்டும் இடத்தில் பழைய ஹோஸை வைத்துக்கொண்டு என்ன செய்ய? ஹோஸும் கிளாம்பும் புதிது.

டேஷ்போர்டு ஸ்குரூக்களுக்கு மட்டும் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வீட்டில் மிச்சமிருந்த மொய்க் கவர்களைக் கொண்டுபோய், ஒவ்வொரு இடத்து ஸ்குரூவையும் ஒரு கவரில் போட்டு "ஸ்பீடோமீட்டர் மேல்", "கிளவ் பாக்ஸ் இடது" என்று எழுதி வைத்தேன். பையன்கள் சிரித்தார்கள். மாட்டும்போது ஆளுக்கு ஆள் "அம்மா, அந்தக் கவர் எங்கே" என்று என்னிடம்தான் வந்தார்கள். ஒரு ஸ்குரூகூட மிச்சமாகவில்லை. பழைய வண்டியில் டேஷ்போர்டைக் கழற்றிப் பூட்டினால் மறுநாளிலிருந்து கடகடவென்று சத்தம் வருவதற்கு இந்த மிச்சமாகும் ஸ்குரூக்களும் ஒரு காரணம்.

உள்ளே எலி கடித்துப் போட்ட ஸ்பாஞ்சு குவியலாகக் கிடந்தது. அது கோரைச் சுற்றி ஒட்டியிருக்க வேண்டிய ஸ்பாஞ்சு. அது இல்லாவிட்டால் புளோயர் காற்று கோரின் ஊடே போகாமல் ஓரமாக நழுவிவிடும், சூடு பாதிதான் வரும். ஃபோம் ஷீட் வாங்கி நாலு பக்கமும் வெட்டி ஒட்டச் சொன்னேன். பாய்க்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஆனாலும் செய்தார்.

டேஷ்போர்டைப் பூட்டுவதற்கு முன்பே கூலன்ட் ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, சூடாக்கி, மூட்டுகளில் டிஷ்யூ வைத்துப் பார்த்தோம். சூட்டிலும் பிரஷரிலும்தான் சின்ன ஓட்டை வாயைத் திறக்கும். அதன் பிறகு கூலன்ட் ஓடும் வழியில் சிக்கிய காற்றை எடுக்கும் படலம். முன்சக்கரங்களை மேடாக நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து, இன்ஜின் ஆறியிருக்கும்போதே ஸ்டார்ட் செய்து, ஹீட்டரை முழு சூட்டில் வைத்து, குமிழி அடங்கும் வரை கூலன்டை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அயனாவரத்தில், உச்சி வெயிலில், ஹீட்டரை முழுதாகப் போட்டு உள்ளே உட்கார்ந்திருந்தது உன் அப்பா. அவராகவே கேட்டு வாங்கிய வேலை. சட்டையைப் பிழிந்தால் ஒரு டம்ளர் வந்திருக்கும்.

கார்ப்பெட்டைச் சோப்பு வெந்நீரில் அலசி மாடியில் காயப்போட்டாயிற்று. அடியில் இருந்த ஃபெல்ட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன், அந்த வாசனை அதை விட்டுப் போகாது.

இனி உனக்கானது. ஊட்டியில் ஹீட்டர் கைகாலுக்குச் சூடு காட்ட மட்டும் இல்லை. மஞ்சு இறங்கும் நேரத்தில் முன்கண்ணாடி உள்பக்கம் மங்கிப் போகும், கொண்டை ஊசி வளைவில் எதிரே பஸ் வருவது தெரியாது. அப்போது ஹீட்டரையும் ஏ.சி.யையும் சேர்த்தே போட்டுக் கண்ணாடிப் பக்கம் திருப்பு. ஏ.சி. ஈரத்தை உறிஞ்சும், ஹீட்டர் கண்ணாடியைச் சூடாக்கும், சீக்கிரம் தெளிந்துவிடும். குளிரில் எவளாவது ஏ.சி. போடுவாளா என்று சிரிக்காதே.

கூலன்ட் பாதி, டிஸ்டில்டு வாட்டர் பாதி என்றுதான் கலந்திருக்கிறது. இந்தக் கலவை மைனஸ் 35 டிகிரி வரைகூட உறையாது. டிசம்பர், ஜனவரியில் காந்தல், தலைகுந்தா பக்கம் புல்லெல்லாம் உறைபனி பிடிக்கும் என்று நீயே சொன்னாய். வெறும் தண்ணீர் உறைந்தால் விரிந்து இன்ஜினையே பிளந்துவிடும். அங்கே யாராவது "பச்சைத் தண்ணி ஊத்திக்கலாம் மேடம்" என்றால் ஒப்புக்கொள்ளாதே. இன்னொன்று, ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி பிரஷரைப் பிடித்து வைத்திருந்தால்தான் வண்டியில் கொதிக்காது. அதனால் மூடியையும் மாற்றிவிட்டேன், சின்னச் செலவுதான்.

வாரம் ஒரு தடவை, காலையில் வண்டி ஆறியிருக்கும்போது ரிசர்வ் டேங்கைப் பார். மலை ஏறும்போது திடீரென்று ஹீட்டரில் குளிர்க்காற்று வந்தால் கூலன்ட் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள், சில சமயம் டெம்பரேச்சர் முள் ஏறுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும். முள் ஏறத் தொடங்கினால் ஏ.சி.யை நிறுத்தி, ஹீட்டரையும் புளோயரையும் முழுதாகப் போட்டு, ஓரம் கட்டு. இன்ஜின் சூட்டில் கொஞ்சம் அந்த வழியாக இறங்கும். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் தொடவே கூடாது.

டிக்கியில் ஒரு துண்டு ஹோஸ், இரண்டு கிளாம்ப், ஒரு லிட்டர் கலந்த கூலன்ட் வைத்திருக்கிறேன். கோர் எப்போதாவது மறுபடி ஒழுகினால், வண்டி ஆறிய பிறகு அந்த ஹோஸால் பைபாஸ் பண்ணி ஒர்க் ஷாப் வரை போய்ச் சேரலாம். நீ சொன்ன பைபாஸ் அந்த அளவுக்குத்தான். ஊட்டியில் அதோடு ஒரு குளிர்காலத்தை ஓட்ட நினைக்காதே.

ஆர்.சி.யைப் புதுப்பித்தாயிற்று, இன்னும் ஐந்து வருடத்துக்குக் கவலை இல்லை. நீலகிரிக்கு இ-பாஸ் வேண்டும், நம்ம வண்டி சென்னை ரிஜிஸ்ட்ரேஷன், அதனால் கிளம்புவதற்கு முன்பே எடுத்து வைத்துவிடு. தீபாவளிக்கு நீலகிரி எக்ஸ்பிரஸில் வருகிறாய் அல்லவா, திரும்பும்போது வண்டியோடு போ. விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் மேட்டுப்பாளையம். அங்கே தங்கிவிட்டு மறுநாள் வெளிச்சத்தில் ஏறு, ராத்திரியில் மலை ஏற வேண்டாம். கூடவே வருகிறேன் என்று அப்பா இப்போதே ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார். முழங்காலை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் உட்கார முடியுமா என்று கேட்டால் என்னிடம் கோபம் வருகிறது. நீ ஒரு வார்த்தை சொல்லிப் பார்.

அன்புடன்,
அம்மா