படம் கறுப்பு, குரல் மட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு மன்னார்குடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறேன். வர முடியாதவர்களுக்காக, நான் பலகையில் நடத்தியதைப் பேரன் தன் புதுப் போனில் பிடித்து எங்கள் இணையப் பக்கத்தில் ஏற்றினான். மறுநாள் ஒரு மாணவி, "சார், குரல் கேக்குது, படம் கறுப்பா இருக்கு" என்றாள். அவள் பார்த்தது அப்பாவின் பழைய போனில். எங்கள் வீட்டு டிவியிலும் அதே கதைதான்.

இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். எம்பி4 என்ற காணொளிக் கோப்பு வெறும் டப்பா. உள்ளே எந்த முறையில் சுருக்கியிருக்கிறது என்பதுதான் விஷயம். புதுப் போன் பதிந்தது 2013-இல் வந்த எச்.265 முறையில். கோப்பு சிறிதாகிறது, சரி. பழைய சிப்புக்கு அதை விரிக்கத் தெரியாதே! ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 2003-இன் எச்.264-க்கு மாற்றி, ஒலியை ஏஏசி என்ற ஒலிச் சுருக்க முறையில் வைத்து, 480பி (480 வரி உயரமுள்ள சிறிய படம்) அளவில் ஏற்றினோம். எல்லாப் போனிலும் ஓடியது. (டேட்டாவும் மிச்சம் என்று அந்த அப்பா சொன்னார்.)

பாடக் காணொளி வெளியிடும் அரசுத் துறைகளும் தனியாரும் இப்படி ஒரு பிரதியையாவது சேர்த்து வைக்க வேண்டும். ஏவி1 போன்ற புதுச் சுருக்க முறைகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே காணொளிக்கு இரண்டு மூன்று வடிவங்களைக் கொடுத்தால், தன்னால் ஓட்ட முடிந்ததை உலாவியே எடுத்துக்கொள்ளும் வசதி, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்5-இல் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
மன்னார்குடி