கண்டிப்பவருக்குக் கிடைக்கும் மதிப்பு

அன்புள்ள சுமதி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை நிரந்தரமானது கேட்டு மனசு நிறைந்தது. அவளிடம் என் வாழ்த்தைச் சொல்.

உங்கள் குழுவின் செயலாளரை நினைத்து நீ கேட்டிருந்த கேள்விக்கு வருகிறேன். ஒழுக்கத்தைப் பற்றி உரக்கப் பேசியவரே அதே தவறில் மாட்டும்போது, மற்றவர்மேல் வராத கோபம் அவர்மேல் ஏன் வருகிறது? சொல்லும் செயலும் முரண்படுவதுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. தினமும் நடக்கச் சொல்லிவிட்டுத் தான் நடக்காதவரிடமும் முரண்பாடு உண்டு, அவரை யாரும் வெறுப்பதில்லை. உரிமையில்லாத மதிப்பை ஒருவர் வாங்கிக்கொண்டார் என்பதில்தான் கோபம் இருக்கிறது.

உளவியல் ஆய்வாளர் ஜில்லியன் ஜோர்டனும் உடன் ஆய்வாளர்களும் 2017-ல் வெளியிட்ட சோதனைகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன. ‘நான் அந்தத் தப்பைச் செய்யமாட்டேன்’ என்று நேராகச் சொல்பவரைவிட, அந்தத் தப்பைச் செய்பவர்களைக் கண்டிப்பவரையே மக்கள் அதிகம் நல்லவராக எடுத்துக்கொண்டார்கள். கண்டிப்பது பிறரைப் பற்றிய பேச்சு, அதனால் தற்பெருமையாகத் தெரியாது. ஆனால் ‘இவர் இதைச் செய்யாதவர்’ என்ற செய்தி அதற்குள்ளேயே போய்விடுகிறது. உண்மை வெளியானதும், நேராகப் பொய் சொன்னவரைவிடக் கண்டித்தவரே கடுமையாக மதிப்பிடப்பட்டார். அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. ‘இது தப்புதான், நானும் சில சமயம் செய்கிறேன்’ என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டவர்மேல் அந்தக் கூடுதல் வெறுப்பு விழவில்லை. அவரிடமும் முரண்பாடு இருக்கிறது, பொய்யான விளம்பரம் மட்டும் இல்லை. ஒப்புக்கொள்வது அந்தத் தவறையேதான் இருக்க வேண்டும், சம்பந்தமில்லாத வேறொரு குறையைச் சொல்லித் தப்ப முடியாது.

இப்படி நடப்பவர்கள் எல்லோரும் தெரிந்தே ஏமாற்றுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிடாதே. உளவியலாளர் டேனியல் பேட்சன் 1997-ல் வெளியிட்ட சோதனையைப் பார். இரண்டு வேலைகள்: ஒன்றில் பரிசுச் சீட்டு கிடைக்கும், மற்றது சலிப்பானது. எது தனக்கு, எது முகம் தெரியாத இன்னொருவருக்கு என்று பங்கேற்பவரே தீர்மானிக்கலாம். சுண்டிப் பார்க்க ஒரு நாணயமும் கொடுத்தார்கள். ஏறக்குறையப் பாதிப் பேர் சுண்டினார்கள். சுண்டாதவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் நல்ல வேலையைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தனி அறையில் சுண்டியவர்களிலும் அதே அளவுதான்! நாணயம் ஏறக்குறையப் பாதித் தடவை எதிராக விழுந்திருக்க வேண்டுமே. பூ விழுந்தால் யாருக்கு, தலை விழுந்தால் யாருக்கு என்று முன்னால் முடிவு செய்யாததுதான் ஓட்டை என்று தோன்றும். 1999-ல் வெளியிட்ட அடுத்த சோதனைகளில் அதையும் அடைத்துப் பார்த்தார்கள், நாணயத்தின் பக்கங்களிலேயே எழுதியும் கொடுத்தார்கள். அப்போதும் முடிவு நேராகவில்லை. எதிரே கண்ணாடி வைத்துத் தன் முகத்தைத் தானே பார்க்கச் செய்தபோதுதான் பங்கீடு நியாயத்துக்கு வந்தது.

ஆகவே உங்கள் குழுவில் பொறுப்புகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதாக இருந்தால், விதியை முதலில் எழுதி வையுங்கள். குலுக்குவது ஆதாயம் பெறக்கூடியவர் கையில் இருக்கக் கூடாது, தனியறையிலும் நடக்கக் கூடாது. நியாயமான முறை வைத்திருக்கிறோம் என்ற நிம்மதியே மனிதரை மேலும் துணிய வைக்கும், அதுதான் எனக்குக் கவலை.

பதவி இதைக் கூட்டுமா என்று கேட்டிருந்தாய். 2010-ல் லாமர்ஸ், ஸ்டாப்பல், கேலின்ஸ்கி மூவரும் வெளியிட்ட கட்டுரை, கூட்டும் என்கிறது: அதிகார உணர்வு ஊட்டப்பட்டவர்கள் பிறர் ஏமாற்றுவதைக் கடுமையாகக் கண்டித்தார்கள், தங்களுக்கு மட்டும் தளர்த்திக்கொண்டார்கள். தனக்குத் தகுதியில்லாமல் கிடைத்த அதிகாரம் என்று உணர்ந்தவர்களிடம் இந்தப் போக்கு தென்படவில்லை. உரிமையுள்ளவன் என்ற எண்ணம்தான் விஷம் என்று இதிலிருந்து தோன்றுகிறது. ஆனால் ஸ்டாப்பல் வேறு பல கட்டுரைகளில் தரவுகளைப் புனைந்தது 2011-ல் அம்பலமானது. அதனால் இந்த ஒரு கட்டுரையை மட்டும் வைத்து யாரோடும் வாதாடாதே.

மாற்ற வழி உண்டா? உண்டு, திட்டினால் வராது. எலியட் ஆரன்சனும் சகாக்களும் 1992-ல் வெளியிட்ட சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. நீச்சல் முடித்துக் குளிக்கப்போகும் மாணவிகளிடம் இரண்டு காரியங்கள் செய்தார்கள். தண்ணீரைச் சேமிக்கச் சொல்லும் அறிவிப்பில் கையெழுத்து வாங்கினார்கள். அவர்களே தண்ணீரை வீணாக்கிய சமயங்களைக் கேள்விகளால் நினைவூட்டினார்கள். இரண்டும் சேர்ந்தபோது சராசரிக் குளியல் சுமார் 220 நொடி, எதுவும் செய்யாதவர்களுக்குச் சுமார் 300 நொடி. ஒன்றை மட்டும் செய்தால் இடைப்பட்ட அளவுதான். உபதேசம் அவர்கள் வாயிலிருந்தே வரவேண்டும், தவறும் அவர்களாகவே நினைவுகூர வேண்டும். சபையில் வைத்து நாம் சுட்டிக்காட்டினால் அவர்களுடைய மதிப்பு அடிபடும். அப்புறம் நடத்தையை மாற்றமாட்டார்கள், காரணம் தேடித் தற்காப்பில் இறங்கிவிடுவார்கள்.

உங்கள் செயலாளரிடம் பேசுவதாக இருந்தால் தனியே பேசு. ‘இந்த விதியைப் பின்பற்றுவதில் உங்களுக்கே எங்கே சிரமமாக இருக்கிறது?’ என்று கேட்டுப் பார். என்ன பதில் வந்தது என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
மாலதி