இட்லிக் கடைத் தம்பிக்கும் உங்கள் எல்லாருக்கும்

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் நண்பர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், சொந்தபந்தங்களுக்கும் வணக்கம். நேற்று மதியம் வீடு வந்து சேர்ந்தேன். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்ப எழுதத் தெம்பில்லை. புண் ஆறாமல் சீழ் வைத்த இடது காலை எடுத்துவிட்டார்கள், முழங்கால் தப்பிவிட்டது. காய்ச்சல் இல்லை. நேற்று ராத்திரி பல நாளைக்கு அப்புறம் தூங்கினேன்.

ரத்தம் கொடுக்க ஓடி வந்த பையன்கள், நான் படுத்திருந்த நாளெல்லாம் என் கடையைத் திறந்து மல்லிகையை நிறுத்து விற்று, பைசா பாக்கியில்லாமல் கணக்கை வீட்டில் கொடுத்தவர்கள், காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு கவுன்டர் கவுன்டராக அலைந்த மச்சான், கட்டு மாற்றும்போது பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்த சிஸ்டர்கள், உசிலம்பட்டியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்த அத்தை. எல்லாருக்கும் கும்பிடு. நடக்க ஆரம்பித்ததும் ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவரை உங்களில் யாருக்கும் தெரியாது.

டாக்டர் இரண்டு வழி சொல்லியிருந்தார். புண்ணைத் திரும்பத் திரும்பச் சுத்தம் பண்ணி, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிப் பார்க்கலாம். மாதக்கணக்கில் ஆகும்; ரத்த ஓட்டம் குறைவு, ஆறாமலும் போகலாம்; சீழ் மேலே ஏறினால் அப்புறம் முழங்காலையும் காப்பாற்ற முடியாது. இல்லையென்றால் இப்போதே முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். "காய்ச்சல் கட்டுக்குள்ள இருக்கு. நாளை மறுநாள் காலை வரைக்கும் யோசிங்க. நீங்கதான் முடிவு சொல்லணும்" என்றார். அவசரப்படுத்தாத அந்த மனிதருக்கும் நன்றி. ஆனால் அந்த இரண்டு நாள் என்னால் தாங்க முடியவில்லை. எடுத்துவிடு என்றார்கள் சிலர். எடுக்கவே விடாதே, நாட்டு மருந்து பார்ப்போம் என்றார்கள் சிலர். அன்பில்தான் சொன்னீர்கள், எனக்குத் தெரியும். ஆனால் எல்லாரும் போர்வைக்குள் கிடந்த காலைப் பார்த்தே பேசினீர்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. கால் போன பிறகு, விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மார்க்கெட்டுக்குப் போகிற இந்த ஆள் என்ன ஆவான்?

ராத்திரிச் சாப்பாட்டுக்கு என் வீட்டுக்காரி ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு தள்ளுவண்டிக் கடையில் இட்லி வாங்குவாள். அன்றைக்குக் காசு கொடுக்கும்போது அழுதுவிட்டாள். "என்னக்கா?" என்று கேட்டிருக்கிறார் கடைக்காரத் தம்பி. இவளும் சொல்லியிருக்கிறாள்.

நடுராத்திரி தாண்டி, கடையைக் கட்டிவிட்டு, வாட்ச்மேனிடம் சொல்லிக்கொண்டு வார்டுக்குள் வந்தார். நாற்பது வயது இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். கைலியை முழங்காலுக்கு மேலே சுருட்டி, வாரை அவிழ்த்து, தன் வலது காலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "தூக்கிப் பாருங்கண்ணே."

பதினோரு ராத்திரி அவர் முன்னால் நின்று இட்லி வாங்கியவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுப்புக்கும் மாவுச் சட்டிக்கும் அவர் நடந்துகொண்டே இருந்ததைத்தான் தினமும் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் தெரியவில்லை.

அது ஜெய்ப்பூர் கால். 1968-இல் ராமச்சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் சேத்தியும் சேர்ந்து உருவாக்கியது, நம்மைப்போல வெறுங்காலோடு நடந்து, தரையில் உட்கார்ந்து எழுகிறவர்களுக்காக. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு நான் பார்த்தது, அந்த ரப்பர் பாதத்தில் காய்ந்து ஒட்டியிருந்த இட்லி மாவைத்தான். கட்டைவிரல் பக்கம் ஒரு சொட்டு. அதை நகத்தால் சுரண்டினேன், அவரும் தடுக்கவில்லை.

கஷ்டத்தையும் அவர் மறைக்கவில்லை. இல்லாத விரல் அரிக்கும், சொறியக் கை போகும் என்றார். ராத்திரி தூக்கக் கலக்கத்தில் கால் இருக்கிறதென்று நினைத்து இறங்கி இரண்டு தடவை விழுந்தாராம். வெயில் காலத்தில் உள்ளே வேர்த்துப் புண்ணாகும். "எடுங்கன்னு சொல்ல வரலண்ணே. எடுத்தா இப்படித்தான் இருக்கும்னு காட்ட வந்தேன். முழங்கால் மிஞ்சுமா, அதை மட்டும் டாக்டர்கிட்ட நல்லாக் கேட்டுக்கங்க. முழங்கால் இருந்தா நடக்கிறது அவ்வளவு கஷ்டமில்ல." காலை மாட்டிக்கொண்டு எழுந்து போனார். வார்டுக் கதவு வரைக்கும் அவர் நடையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை டாக்டரிடம் நானே கேட்டேன். இப்போது எடுத்தால் முழங்கால் மிஞ்சுமா, மூன்று மாதம் கழித்து எடுத்தால் மிஞ்சுமா என்று. அவர் சொன்னதைக் கேட்டு நானே கையெழுத்துப் போட்டேன். மச்சான் பேனாவை வாங்க வந்தார், கொடுக்கவில்லை.

தம்பி, நீங்கள் இட்லிக்கும் காசு வாங்கவில்லையாம் அன்றைக்கு. அந்தக் கடனை அடைக்கப் பார்க்க மாட்டேன். மிச்சமிருக்கிற காலை தினமும் ராத்திரி கண்ணாடி வைத்து அடிப்பாதம் வரைக்கும் பார்க்கிறேன், முள் குத்தினால் தெரியாத கால் இது. எனக்குக் கால் வந்ததும், அந்த வார்டில் யாருக்காவது இப்படி ஒரு ராத்திரி வந்தால் சொல்லியனுப்புங்கள். நானும் வந்து கழற்றிக் கையில் கொடுக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கிறார்கள். புண் ஆறி, வீக்கம் வற்றிய பிறகுதான் அளவெடுப்பார்களாம். அளவெடுக்க என்னோடு நீங்கள் வர வேண்டும், தம்பி. கடைக்கு லீவு விடச் சொல்லவில்லை, காலையில்தான் போவோம்.