பதக்கத்தின் பின்புறத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் பரோக் கலை ஓங்கிய பதினேழாம் நூற்றாண்டு ரோமைப் பற்றி வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தைச் சுற்றிச் சிற்பி பெர்னினி வடிவமைத்த தூண் மண்டபத்தை விரிவாக எழுதியதற்கு நன்றி. ஆனால் அதைக் கட்டுவித்த திருத்தந்தை ஏழாம் அலெக்சாண்டரின் பதக்கங்களை ‘நினைவுப் பொருட்கள்’ என்று ஒரே சொல்லில் கடந்துபோனதும், படத்தில் முன்புறத்தை மட்டும் காட்டியதும் மனதை உறுத்துகின்றன.

முகத்தை மட்டும் பார்த்தால் அது யாரோ ஒருவரின் உருவம். திருப்பினால்தான் பதக்கம் பேசும். 1659இல் பதக்கக் கலைஞர் திராவானி வார்த்த வெண்கலப் பதக்கத்தைப் பாருங்கள். வடிவம் பெர்னினி கொடுத்தது. ஒருபுறம் அலெக்சாண்டர். மறுபுறம், பழங்கதையில் தன் பாதத்து முள்ளை எடுத்துவிட்ட அடிமை ஆண்ட்ரோக்ளிஸின் காலடியில் பணிந்து கிடக்கும் சிங்கம். ‘விலங்கும் நன்றி மறவாது’ என்ற பொருளில் ஒரு லத்தீன் வரி. 1656இல் ரோமில் கொள்ளைநோய் பரவியபோது திருத்தந்தை செய்த உதவிக்காக தொமெனிக்கோ ஜாக்கோபாச்சி என்ற ரோம் நகரவாசி செலுத்திய காணிக்கை இது. புகழ்மொழி குடிமகன் வாயிலிருந்து வருகிறது. காலடியில் கிடக்கும் சிங்கமாக ரோம் மக்களே நிற்கிறார்கள். சமய அதிகாரத்தை இவ்வளவு கனிவாக, அதே சமயம் இவ்வளவு உறுதியாகச் சொன்ன சிற்பங்கள்கூடக் குறைவு என்பேன்.

உங்கள் கட்டுரை கொண்டாடிய மண்டபத்துக்கும் பதக்கத்தோடு உறவு உண்டு. 1657 ஆகஸ்ட் 28 அன்று அடிக்கல் நாட்டியபோது அஸ்திவாரத்தில் பதக்கங்களையும் வைத்தார்கள். மண்ணுக்குள் போனதை அன்று யார் பார்க்கப்போகிறார்கள்? என்றோ ஒருநாள் தோண்டுகிறவன் கையில் அந்த முகமும் பெயரும் கிடைக்கட்டும் என்ற நினைப்புதான். பழைய ரோமப் பேரரசர்களின் முகத்தை நாணயங்களில் கண்டெடுத்த ஊர் அல்லவா!

அந்த மண்டபத்தைக் காட்டும் பதக்கங்களில், ‘அதன் அடித்தளம் புனித மலைகளின்மேல்’ என்ற விவிலியச் சங்கீத வரி பொறித்தவை உண்டு. மண்டபம் இன்று வளைந்த இரு கைகளாக நிற்கிறது; சதுக்கத்தின் வாயிலை அடைக்கும் மூன்றாவது கையையும் சில பதக்கங்களில் பார்க்கலாம். 1667இல் அலெக்சாண்டர் இறந்தார். அந்தக் கை கட்டப்படவே இல்லை.

அடுத்த இதழில் அரைப் பக்கம் ஒதுக்கி, ஒரு பதக்கத்தின் இரு புறங்களையும் பெரிதாக அச்சிடுங்கள். சதுக்கத்தில் இன்று தேடினாலும் கிடைக்காத அந்த மூன்றாவது கையை வாசகர்கள் வெண்கலத்திலாவது பார்க்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை