பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களுக்கு: தரங்கம்பாடிக்குத் தை, மாசியில் வாருங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் பொறையாறுக்காரன். எங்கள் வீட்டிலிருந்து தரங்கம்பாடி டேனிஷ் கோட்டைக்கு சைக்கிளில் பத்து நிமிடம். சின்ன வயதிலிருந்து அந்தக் கரையில்தான் சாயங்காலம் கழிகிறது. எல்லா மாவட்டங்களிலிருந்தும் பள்ளிப் பேருந்துகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பல வருடமாக மனசில் இருந்ததை இப்போது எழுதிவிடுகிறேன்.

போன ஏப்ரல் கடைசியில் ஒரு பேருந்து வந்தது. ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு கிளம்பியிருப்பார்கள். பகல் பன்னிரண்டரை மணி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் மாதிரி இருந்தார்கள். கோட்டையில் ஒரு பையன் பீரங்கி மேல் ஏறி உட்கார ஆசைப்பட்டு அதில் கையை ஊன்றினான், அலறிக்கொண்டு இழுத்துக்கொண்டான். காலையிலிருந்து வெயிலில் கிடந்த இரும்பு. உள்ளங்கை சிவந்துவிட்டது. டீச்சர் பதறிப்போய்ப் பாட்டிலைத் திறந்து தண்ணீர் ஊற்றினார், அந்தத் தண்ணீரே சுட்டிருக்கும். இருபது நிமிடத்தில் எல்லோரும் பேருந்துக்குள் போய்விட்டார்கள். 1620-இல் கட்டிய கோட்டை, தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு செய்த ஒப்பந்தம், இதெல்லாம் அந்தப் பையனுக்கு ஞாபகம் இருக்குமா? சூடுதான் ஞாபகம் இருக்கும்.

டீச்சரைக் குறை சொல்லவில்லை. பயணத் திட்டம்தான் கோளாறு. சிதம்பரம், பூம்புகார், திருக்கடையூர், திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி என்று ஒரே நாளில் போட்டுவிடுவதால், நடுவில் இருக்கும் தரங்கம்பாடிக்கு எப்போதும் உச்சிவெயில்தான் வாய்க்கிறது. அதுவும் சித்திரை, வைகாசியில் என்றால் 37, 38 டிகிரி இங்கே சாதாரணம். கடற்கரை ஊர்தானே, காற்று வருமே என்று நினைப்பீர்கள். கோடையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் கடல்காற்றைக் கரைக்கு ஏறவிடாது. மத்தியானம் தாண்டி அது அடங்கினால்தான் கிழக்கிலிருந்து குளிர்ச்சி வரும், அதற்குள் உங்கள் பேருந்து காரைக்காலைத் தாண்டியிருக்கும். இன்னொன்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். கடலோர ஊர் ஒன்றுக்கு வந்து கடல்தொழிலைப் பார்க்காமலே பிள்ளைகள் திரும்புவார்கள்.

சரி, வெயில் வேண்டாம் என்று ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதுவும் வேண்டாம். எங்கள் பக்கம் வருடத்து மழையில் பெரும்பகுதி அந்த வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டும். 2008 நவம்பர் கடைசியில் நிஷா புயல் காரைக்கால் பக்கம் கரையேறியது, 2018 நவம்பர் 16-இல் கஜா வேதாரண்யத்துக்குப் பக்கத்தில். சோழமண்டலக் கரையில் புயலுக்கு ஒதுங்க இயற்கைத் துறைமுகம் இல்லை என்பதால், பாய்மரக் கப்பல் காலத்தில் மாலுமிகள் அக்டோபர் நடுவிலேயே இந்தக் கரையை விட்டு விலகிப் போய்விடுவார்கள். அவ்வளவு பெரிய கப்பல் வைத்திருந்தவர்களே பயந்த பருவம் அது. புயல் இல்லாத நாளிலும் அலை கரையை அறுத்துக்கொண்டு உள்ளே இழுக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்கும் பிள்ளையையும் இழுக்கும். அறுபது பிள்ளைகளை இரண்டு ஆசிரியர் பார்த்துக்கொள்ள முடியாது.

அப்புறம் அரையாண்டு விடுமுறை. கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்காக வேளாங்கண்ணி போகிற வண்டிகளால் கிழக்குக் கடற்கரைச் சாலை நிரம்பியிருக்கும் என்பது ஒரு பக்கம். எனக்குப் பெரிதாகப் படுவது டிசம்பர் 26. 2004 சுனாமியில் அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள், தரங்கம்பாடி அப்போது அந்த மாவட்டம்தான். அந்த நாளில் கடலோரத்தில் பால் ஊற்றி, பூப் போட்டு அழுதுகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே விசில் ஊதி வரிசை கட்டி, பாட்டுப் போட்டு ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் நடந்ததுதான், ஆனால் தெரிந்துகொண்டு தவிர்த்துவிடலாம் இல்லையா.

அதனால்தான் சொல்கிறேன், பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி மூன்றாம் வாரத்திலிருந்து பிப்ரவரி முடிவதற்குள் வாருங்கள். பகலில் 28, 29 டிகிரிதான். மழை விட்டிருக்கும், கடல் அடங்கியிருக்கும், கருவாடு காயப் போட ஆரம்பித்திருப்பார்கள். மயிலாடுதுறையிலிருந்து செம்பனார்கோயில், ஆக்கூர் வழியாக வந்தால் இரண்டு பக்கமும் சம்பா அறுவடை. நெல் மணம் பேருந்துக்குள் வரும். (இதே ஊர்களை இணைத்து 1926 முதல் 1986 வரை ரயில் ஓடியது, நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு அந்த வருத்தம் இன்னும் போகவில்லை.)

ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வு இருக்கிறதே என்பீர்கள். அது பத்து, பன்னிரண்டாம் வகுப்புக்கு. ஆறு முதல் ஒன்பது வரை உள்ள பிள்ளைகளை ஒரு வெள்ளிக்கிழமை இரவு கிளப்பி சனிக்கிழமை விடிய இங்கே கொண்டுவந்து சேர்க்க முடியும்.

விடிய வருவதுதான் முக்கியம். அந்த மாதங்களில் சூரியன் ஆறரை மணிவாக்கில் கடலுக்குள்ளிருந்து எழும். மாசிலாமணிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில், அதன் கல்வெட்டில் இந்த ஊர் சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம். கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடலரிப்பு என்று புத்தகத்தில் படிக்கிற பாடத்தை, அலையையும் பாறாங்கல் தடுப்பையும் மிச்சமிருக்கும் கோயிலையும் ஒரே பார்வையில் காட்டிப் பத்து நிமிடத்தில் நடத்திவிடலாம். வகுப்பறையில் ஒரு வாரம் ஆகும்.

பிறகு நகர வாசலுக்குப் போய் அங்கிருந்து ராஜா வீதியில் நடத்தியே கூட்டி வாருங்கள். 1792-ஆம் வருட வாசல் அது. காலை எட்டு மணிக்கு அந்தத் தெருவில் சத்தமே இருக்காது. 1701-இல் கட்டிய சீயோன் ஆலயம் வரும், 1718-இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயம் வரும். அதன் முகப்பில் டேனிஷ் அரசர் நான்காம் பிரடெரிக்கின் கிரீடமும் பெயரெழுத்தும் இருக்கும், பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். உள்ளே ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை. 1706 ஜூலை 9-இல் வந்து இறங்கி, தமிழ் கற்று, அச்சுக்கூடம் வைத்து, தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டவர். காகித ஆலையும் எங்கள் பொறையாற்றில்தான் போட்டார். 1719 பிப்ரவரி 23-இல் இறந்தபோது வயது 36. பிப்ரவரியில் வருகிற பள்ளி அந்த நாளை ஒட்டியே வரலாம், நான் பார்த்தவரை யாரும் அப்படி யோசித்து வந்ததில்லை.

கோட்டை அருங்காட்சியகம் காலையில் கொஞ்சம் தாமதமாகத்தான் திறக்கும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் உண்டு, அதனால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கிடங்கும் சமையல்கட்டும் சிப்பாய்கள் தங்கிய அறைகளும் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரமாவது விடுங்கள். மிளகும் துணியும் வாங்க இவ்வளவு தூரம் கடல் கடந்து வந்த கதை, அந்த இருட்டு அறைக்குள் நின்று சொன்னால் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும். 1845-இல் டேனிஷ்காரர்கள் வங்காளத்திலிருந்த செராம்பூரோடு சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இந்த ஊரையே ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள் என்று சொல்லிப் பாருங்கள், "ஊரை விக்க முடியுமா சார்?" என்று ஒரு பிள்ளையாவது கேட்கும்.

சாப்பாட்டுக்குப் பொறையாறு வந்துவிடுங்கள், கோட்டைப் பக்கம் நிழலும் கடைகளும் குறைவு. நேரம் இருந்தால் நான்கு மணிக்குத் திரும்ப ஒருமுறை கோட்டைக்குப் போங்கள். அப்போது கோட்டையின் நிழல் கடல் பக்கத்து மணலில் நீளமாக விழுந்திருக்கும், பிள்ளைகளை அதில் உட்காரவைத்து நோட்டில் வரையச் சொல்லலாம். பீரங்கியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் தொடட்டும், அந்த மாதத்தில் அது சுடாது.

அன்புடன்,
பொறையாற்றிலிருந்து ஒருவன்