திருப்பணி நிறைவு அறிக்கை: மோர்ன்-ஆ-லோவில் தாத்தாவின் சமாதி

உறுப்பினர் குடும்பத்தார் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

தாத்தாவின் சமாதித் திருப்பணி இவ்வாண்டு லா துசேனுக்கு (கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நவம்பர் 1 புனிதர் திருநாள்) முன்பே நிறைவடைந்தது. உங்களில் ஏழு பேருக்கு அவர் அப்பா, சிலருக்குப் பெரியப்பா. இங்கே எல்லாருக்கும் பொதுவாகத் தாத்தா என்றே எழுதுகிறோம். மோர்ன்-ஆ-லோ கல்லறைத் தோட்டம் கருப்பு வெள்ளைச் சதுரங்க ஓடுகளுக்காக, கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப் முழுவதும் பேர்போனது. அந்தக் குன்றில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஓடு பதித்துக் கொடுத்தவர் அவர். அதனால் அவருடைய சமாதியில் மேலோட்டமான பூச்சு வேலை கூடாது என்று முதல் கூட்டத்திலேயே முடிவானது.

பழைய கட்டுமானம் அவருடைய அப்பா காலத்தது. அப்போது கைக்கு எட்டியது கடற்கரை மணல்தான். மணலில் இருந்த உப்பு கான்கிரீட்டுக்குள் கம்பியைத் துருப்பிடிக்க வைத்தது. துரு ஏற ஏறக் கம்பி பருத்து, மேலிருந்த கான்கிரீட்டைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளிவிட்டது. விழுந்த ஓடுகளைப் பின்னாளில் யாரோ ஐந்து பொட்டுக் கலவை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பொட்டுகளுக்கு இடையே மழைநீர் தங்கியது. வெயிலில் கருப்பு ஓடு வெள்ளையைவிட அதிகம் சூடேறி விரிவதால் முதலில் கழன்றவை கருப்பு ஓடுகளே. தட்டிப் பார்த்தபோது மேற்பரப்பில் பாதிக்கு மேல் பொள்ளல் சத்தம்.

ஓடுகளை முழுவதும் உரித்து, துருப்பிடித்த கம்பிகளின் பின்புறம் தெரியும்வரை கான்கிரீட்டைக் கொத்தினோம். கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கை கொடுத்து, கம்பிக்கு மேல் குறைந்தது 3 செ.மீ. கனம் வரும்படி பழுதுநீக்கும் கலவையால் மூடினோம். தளம் பூச வாங்கியது கழுவிய குவாரி மணல். தலைப்பக்கத்திலிருந்து கால்பக்கத்துக்கு மீட்டருக்கு 1 செ.மீ. நீர் வாட்டம் (சரிவு). இதனால் பக்கச் சுவர்களின் அடிவரிசை ஓடுகள் கால்பக்கம் போகப் போகக் குறுகும். வெட்டிய விளிம்பு தரைப்பூச்சுக்குள் மறைந்துவிட்டது.

ஓடுகள் 20 செ.மீ. சதுரம், இணைப்பு இடைவெளி 5 மி.மீ. நீளத்தில் 13, அகலத்தில் 8, உயரத்தில் 4 என்ற கணக்கில் மேலே 104, சுற்றிலும் 168, ஆக 272. வெட்டி ஒட்டாமல் முழு ஓடாகவே வர, மேல்தளத்தை 266 செ.மீ. × 163.5 செ.மீ. அளவுக்குப் பூசி நிரவினோம். நான்கு மூலையிலும் கருப்பு வேண்டும் என்று சிலர் கேட்டீர்கள். அகலத்தில் 8 கட்டம் வந்தால் ஒரு மூலை கருப்பு, எதிர்மூலை வெள்ளை என்றுதான் அமையும். ஒரு வரிசையைக் குறைத்து ஓரத்தில் பட்டை வைத்தால் அழகு கெடும் என்பது குழுவின் கருத்து. தாத்தாவும் பட்டை வைக்க ஒப்பமாட்டார்.

பசையைத் தளத்திலும் ஓட்டின் முதுகிலும் முழுமையாகத் தேய்த்தே பதித்தோம். பதிப்பு வேலை காலையில் மட்டும். உச்சி வெயிலில் பசை மேலே தோல்கட்டிவிடும், ஓடு பிடிக்காது. மேல்தளமும் சுவர்களும் சேரும் விளிம்பில் சிமென்ட் அடைக்காமல், விரிந்து சுருங்கும் மீள்தன்மைப் பசையை விட்டிருக்கிறோம். அது சில ஆண்டுகளில் வெளுத்து வெடிக்கும், பார்த்தவுடன் மாற்றவேண்டும்.

கல்வெட்டில் பெயர், ஆண்டுகள், பிள்ளைகளின் பெயர்கள் தவிர ஒரே ஒரு வரி: கொத்தனார். கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாய் வந்த தமிழ்க் குடும்பத்தின் வழித்தோன்றல் என்பதையும் பொறிக்கலாமா என்று பேசி, இடம் போதாமல் விட்டோம். ஏழு பிள்ளைகளுக்கும் அவர் வீடு கட்டியது கூட்மேன் முறையில்தான்: ஞாயிறன்று அக்கம்பக்கத்தார் வந்து தளம் கொட்டுவார்கள், மறுவாரம் அவர் அவர்கள் வீட்டில் நிற்பார். யார் வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமென்ட் போனது என்று அவர் எழுதிவைத்த நோட்டுகள் மூத்த மகள் வீட்டில் இருக்கின்றன. ஒரு பிள்ளைக்கும் குறைத்துக் கொடுக்கவில்லை என்பது அதில் தெளிவாகத் தெரிகிறது. பேரப்பிள்ளைகள் அவசியம் பார்க்கவேண்டும்.

வரவு 6,480 யூரோ. பொருள்கள் 2,640, கூலி 2,900, கல்வெட்டு 420, இடிபாடு அகற்றிய லாரி 172, ஆகச் செலவு 6,132. கையிருப்பு 348. வாங்கிய 300 ஓடுகளில் உடைந்தது 9, மீதி 19. இவை மூத்த மகள் வீட்டுக் கொட்டகையில் உள்ளன. அடுத்த முறை வாங்கினால் நிறம் ஒத்துவராது, ஆகவே யாரும் வேறு வேலைக்கு எடுக்க வேண்டாம்.

லா துசேன் இரவில் மெழுகுவர்த்திகளை ஓட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். சூட்டில் ஓடு விரியும், மெழுகு இணைப்புக்குள் இறங்கினால் கறை போகாது. கால்பக்கம் மணல் நிரப்பிய தட்டு வைத்திருக்கிறோம், எல்லா வர்த்திகளும் அதில்தான். பூச்சாடிகளில் தண்ணீருக்குப் பதில் ஈரமணல் போடுங்கள். தேங்கிய நீரில் டெங்குக் கொசு வளரும். கழுவ சாதாரண சோப்புநீர் போதும். அமிலம் ஊற்றினால் ஓடு பளபளக்கும், இணைப்புச் சிமென்ட் கரைந்துபோகும்.

இடத்துக்கான நகராட்சி உரிமத்தைக் கெடு முடியுமுன் புதுப்பிக்கவேண்டும். கையிருப்புத் தொகையை அதற்கென ஒதுக்கி வைக்கிறோம். மறுப்பு உள்ளவர்கள் அடுத்த கூட்டத்தில் சொல்லலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்