கயலுக்கு, உன் தளத்தைப் பார்த்தபின்

அன்புள்ள கயல்,

வீடு, மனை விற்கும் உன் இணையதளத்தை ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். வீட்டைச் சுற்றிக்காட்டும் 360 பாகைக் காட்சி நன்றாக வந்திருக்கிறது. ஒரு வாசலில் நின்றால் அடுத்த அறை தெரிகிற மாதிரி கேமரா நிற்கும் புள்ளிகளை வைத்திருக்கிறாய். பலர் இதில்தான் சறுக்குவார்கள். பார்ப்பவர் எந்தத் திசையில் நிற்கிறோம் என்று தெரியாமல் மூடிவிட்டுப் போய்விடுவார். அந்தக் கண் உனக்குச் சின்ன வயதிலேயே உண்டு.

ஆனால் கூடத்தில் கதவு நிலை இரண்டாக வெட்டுப்பட்டுத் தெரிகிறது. இரண்டு லென்ஸ் எடுத்த படங்களை ஒட்டும் கோடு அதன்மேல் விழுந்திருக்கிறது. கிட்டே இருக்கும் பொருளை இரண்டு லென்ஸும் சற்று வேறு வேறு இடத்தில் பார்க்கும், அதனால் வரும் கோளாறு. கேமராவுக்கு ஒரு மீட்டருக்குள் எதுவும் வேண்டாம். இடமில்லை என்றால் லென்ஸின் முகத்தை நிலைப் பக்கம் திருப்பி வை. உயரம் ஒன்றரை மீட்டர், எல்லா அறையிலும் அதேதான். ஜன்னல் வெளுத்துப்போவதைத் தவிர்க்க, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி மூன்று முதல் ஐந்து படம் எடுத்து இணை. 8192க்கு 4096 பிக்சல் படத்தை அப்படியே ஏற்றாதே. துண்டுகளாக வெட்டி, பார்க்கும் பக்கம் மட்டும் தெளிவாக வரும்படி செய். வைஃபையை அணைத்துவிட்டுப் பழைய கைபேசியில் திறந்து பார்.

தவணைக் கணிப்பானில் கடன் 1,00,000, ஆண்டு வட்டி 9 சதவீதம், 240 மாதம் என்று கொடுத்தேன். மாதம் 900க்குக் கொஞ்சம் குறைவாக வரவேண்டும். உன்னுடையதில் 9,000 வருகிறது. ஆண்டு வட்டியை 12ஆல் வகுக்காமலே சூத்திரத்தில் போட்டிருக்கிறார்கள். பார்ப்பவர் மிரண்டு போவார், ஏன் போனார் என்று உனக்குத் தெரியவும் தெரியாது. செய்துகொடுத்தவரிடம் இன்றே சொல்.

ஒரு மனையின் குறி வரைபடத்தில் நடுக்கடலில் நிற்கிறது. அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். வரைபடக் குறிகளின் இடத்தைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும். தசமத்துக்குப் பின் ஐந்து இலக்கம் வை, ஒரு மீட்டர் அளவுக்குச் சரியாக இருக்கும். ஆள் குடியிருக்கும் வீடு என்றால் குறியே வேண்டாம், ஒரு வட்டம் போதும்.

முகப்பில் விற்றுப்போன வீடுகள் இரண்டு இன்னும் இருக்கின்றன. எடுக்க நேரமில்லையா, எடுத்தால் பக்கம் காலியாகத் தெரியும் என்று விட்டிருக்கிறாயா? இரண்டாவது காரணம் என்றால் என்னிடம் சொல்லலாம். சித்தப்பா பணத்தைப் பற்றி இதில் கேட்கப்போவதில்லை. வந்து கேட்பவரிடம் "அது போயிற்று" என்று சொல்ல நேர்ந்தால் மற்ற வீடுகளையும் நம்பமாட்டார். "விற்பனையானது" என்று பட்டை போட்டு, கீழே அதே அளவில் இருக்கும் வேறு வீடுகளைக் காட்டு. காலி அறையில் கணினியால் மேசை, சோபா வைத்த படங்களுக்கும் கணினியால் வைத்தது என்று ஒரு குறிப்பு வேண்டும், பக்கத்திலேயே காலி அறைப் படமும்.

அரட்டைப் பெட்டியில் இரவு இரண்டு மணிக்கும் பச்சைப் புள்ளி எரிகிறது. தானியங்கி என்றால் தானியங்கி என்றே பெயர் போடு. விலை, அளவு, பார்க்க வரும் நேரம், இவற்றுக்கு மட்டும் அது பதில் சொல்லட்டும். பத்திரம் பற்றிக் கேட்டால் உன் கைக்கு வரட்டும், காலையில். நீதான் அந்நேரத்தில் உட்கார்ந்திருக்கிறாய் என்றால், கயல், தூங்கு. வேலை நேரம் முடிந்தால் புள்ளி தானாக அணையும்படி அமைக்கலாம். எல்லாவற்றையும் கைபேசியில் பார், மறுபடியும் சொல்கிறேன்.

விசாரணைப் படிவத்தில் ஒன்பது கட்டம் எதற்கு? பெயரும் தொலைபேசி எண்ணும் போதும். அந்தப் படிவத்தில் போன வாரம் நானே ஒரு கேள்வி போட்டேன். பெயர் இருக்கும் இடத்தில் அம்மா என்றுதான் எழுதினேன். பதில் இல்லை. குப்பை அஞ்சலில் தேடிப் பார். வந்தவரின் முகவரியிலிருந்தே அனுப்புவதுபோல் உன் தளம் மின்னஞ்சல் அனுப்பினால், அஞ்சல் சேவை அதைப் போலி என்று தள்ளிவிடும். அனுப்புநராக உன் தளத்து முகவரியை வைத்து, வந்தவர் முகவரியைப் பதில் முகவரியாகப் போடச் சொல். சரிசெய்தபின் முதல் பதிலை எனக்கு அனுப்பு.

அம்மா